வீட்டுக் கஷ்டத்தை மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் எழுதலாமா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். வந்து 13 வருடம் ஆகிறது. கணவர் பத்தாவது வரை படித்தவர், உணவகத்தில் சமையல் வேலை பார்த்தார். ஏழு வருடமாக டயாலிசிஸ். நான் மதுரையில் பி.எஸ்சி. கணிதம் முடித்தேன், இங்கே மளிகைக் கடையில் கல்லாவில் நிற்கிறேன். மூத்தவள் வீட்டிலிருந்தே காலேஜுக்குப் போய்வருகிறாள், மூன்றாம் வருடம். 16 வயதிலிருந்து சனி, ஞாயிறு எட்டு எட்டு மணி நேரம் அதே கடையில் வேலை செய்கிறாள். இளையவன் பள்ளியில். அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று டாக்டர் சொன்னதை எங்களுக்குத் தமிழில் சொன்னதே மூத்தவள்தான். அப்போது அவளுக்கு 14 வயது. வரும் மே மாதம் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். அதில் ‘டிஸ்அட்வான்டேஜ்டு’ என்று ஒரு கட்டம் உண்டாமே, அதை டிக் செய்யலாமா? “நம்மளவிடக் கஷ்டப்பட்டவங்க எத்தனையோ பேர்” என்கிறாள் மகள். குடும்ப மானத்தைக் கப்பலேற்றாதே என்கிறார் கணவர். இந்தியப் பெயரோடு இதை எழுதினால் எவனும் நம்பமாட்டான் என்கிறான் சாஃப்ட்வேரில் இருக்கும் அண்ணன் மகன்.

பதில்: சகோதரிக்கு வணக்கம். நீங்கள் கேள்விப்பட்ட அந்தக் கட்டம் இப்போது ஆம்காஸ் விண்ணப்பத்தில் இல்லை. எம்.டி. படிப்புக்குப் பெரும்பாலான கல்லூரிகள் ஏற்கும் அந்தப் பொது விண்ணப்பத்தில், ‘உங்களைப் பின்தங்கிய விண்ணப்பதாரராகக் கருத வேண்டுமா’ என்ற கேள்வி பல ஆண்டுகள் இருந்தது உண்மைதான். 2023 மே மாதம் திறந்த விண்ணப்பத்தோடு அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வாழ்க்கையிலோ படிப்பிலோ சந்தித்த தடைகள் உண்டா, உண்டென்றால் எழுதுங்கள் என்று கேட்கிறார்கள். 1,325 எழுத்துகளுக்குள், இடைவெளியும் சேர்த்து. ஆங்கிலத்தில் ஏறக்குறைய 200 சொற்கள். விருப்பமில்லை என்றால் ‘இல்லை’ என்று தாண்டிப் போகலாம். சில கல்லூரிகள் பிறகு அனுப்பும் இரண்டாம் கட்டப் படிவத்தில் மட்டும் பழைய சொல்லை இன்னும் பார்க்கலாம்.

‘டிஸ்அட்வான்டேஜ்டு’ என்றதும் ஊரிலிருந்து வந்த நமக்கு சாதிச் சான்றிதழும் இடஒதுக்கீடும்தான் ஞாபகத்துக்கு வரும். இங்கே அப்படிப் பட்டியலும் இல்லை, ஒதுக்கி வைத்த சீட்டும் இல்லை. உங்கள் மகள் எழுதுவதால் அவளைவிடக் கஷ்டப்பட்ட ஒருவரின் இடம் போய்விடாது. இதை அவளிடம் சொல்லுங்கள். அவளுடைய தயக்கத்தில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன். இந்தத் தயக்கத்தோடு வருகிற பிள்ளைகள்தான் பெரும்பாலும் எழுத வேண்டியவர்கள்.

இனி, நீங்கள் மறைக்க நினைத்தாலும் மறைக்க முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. விண்ணப்பத்தின் வேறொரு இடத்தில் பெற்றோரின் படிப்பு, வேலை, அவள் 18 வயது வரை வளர்ந்தபோது குடும்ப வருமானம், அரசு உதவி வாங்கினீர்களா, 18 வயதுக்கு முன் வேலை பார்த்தாளா, பெல் கிராண்ட் என்ற மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகை கிடைத்ததா என்றெல்லாம் கேட்பார்கள். கௌரவம் பார்க்காமல் உள்ளதை உள்ளபடி நிரப்பச் சொல்லுங்கள். கணவர் பத்தாவது, சமையல்காரர். நீங்கள் பட்டதாரி, கேஷியர். பெற்றோரின் படிப்பையும் வேலையையும் சேர்த்து ஐந்து நிலைகளில் ஒன்றை ஆம்காஸே கணக்கிடும். முதல் இரண்டு நிலையில் வருபவர்களைப் பொருளாதாரத்தில் பின்தங்கியவர்கள் என்று குறிக்கும். பட்டம் வாங்கியும் கல்லாவில் நிற்கிற பெற்றோரின் பிள்ளை இரண்டாம் நிலையில் வருவாள். ஆகவே கட்டுரை எழுதினாலும் எழுதாவிட்டாலும் படிப்பவருக்கு உங்கள் வீட்டின் வெளிக்கோடு தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. மகள் தன்னை ‘முதல் தலைமுறை பட்டதாரி’ என்று எங்கேயும் போட்டுவிடக் கூடாது. மதுரையில் வாங்கியதும் பட்டம்தான். நல்ல பிள்ளைகள் அறியாமல் செய்கிற தவறு இது. நேர்காணலில் அம்மாவின் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழும்.

அண்ணன் மகன் சொல்வதற்கு வருகிறேன். 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், இனத்தை வைத்து மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, ஒருவர் தன் வாழ்க்கையில் பட்டதை எழுதுவதையும் கல்லூரி அதைப் படிப்பதையும் தடுக்கவில்லை. உங்கள் மகளின் விஷயத்தில் இனப் பேச்சே தேவையில்லை. கடையும் டயாலிசிஸும் யார் வீட்டிலும் இருக்கக்கூடியவை. விண்ணப்பங்களைப் படிக்கும் குழுவில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் பெயரைப் பார்த்ததும் அப்பா ஐ.டி., அம்மா ஐ.டி., நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்று நினைப்பவர்கள் உண்டு. உங்கள் அண்ணன் மகன் அதைக் காரணம் காட்டி எழுதாதே என்கிறான். நான் அதே காரணத்துக்காக எழுதச் சொல்வேன். எழுதாவிட்டால் அந்த நினைப்பு அப்படியே நின்றுவிடும்.

எதை எழுதுவது? ‘வறுமையும் நோயும் எனக்கு விடாமுயற்சியைக் கற்றுத் தந்தன’ என்ற வரியை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். அதைப் படித்து முடித்ததும் எழுதிய பிள்ளையின் முகம் மனதில் நிற்பதில்லை. உங்கள் கடிதத்தில் ‘அப்போது அவளுக்கு 14 வயது’ என்ற இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். அந்த அறையில் என்ன நடந்தது என்று அவளையே யோசிக்கச் சொல்லுங்கள். டாக்டர் ‘எண்ட் ஸ்டேஜ்’ என்று சொல்லியிருப்பார். சிறுநீரகச் செயலிழப்பின் முற்றிய நிலைக்கு அதுதான் மருத்துவப் பெயர். அதை அப்பாவின் முகத்தைப் பார்த்து ‘கடைசிக் கட்டம்’ என்று சொன்னாளா? இல்லை, அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு ‘இனிமே மெஷின்ல ரத்தத்தை சுத்தம் பண்ணணுமாம்ப்பா’ என்று மட்டும் சொன்னாளா? எதைச் சொன்னாளோ அதை எழுதட்டும். அதன் பிறகு வீட்டில் என்னென்ன மாறியது, யார் காரை ஓட்டினார்கள், எந்த வகுப்பை அவள் விட வேண்டி வந்தது, இரண்டு மூன்று வரிகளில். ஏதாவது ஒரு செமஸ்டரில் மார்க் இறங்கியிருந்தால், அது அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த மாதங்களோடு ஒத்துப்போனால், அதையும் தேதியோடு ஒரே வரியில் சொல்லலாம். பரிதாபம் தேடுகிற சொற்கள் வேண்டாம். ‘ஏன் டாக்டராக விரும்புகிறேன்’ என்பதற்கு 5,300 எழுத்துகளில் தனிக் கட்டுரை இருக்கிறது. அதை இங்கே கொண்டுவந்து கலக்க வேண்டாம்.

கடை வேலையை இதில் நீட்டி முழக்க வேண்டியதில்லை. வேலையும் செயல்பாடுகளும் என்ற பகுதியில் 15 இடங்கள் உண்டு, ஒன்றை இதற்குக் கொடுக்கட்டும். வாரம் 16 மணி, வருடத்துக்கு 50 வாரம் என்றால் 800 மணி நேரம். ஐந்து வருடத்தில் 4,000. ஆராய்ச்சி லேபில் 300 மணி நேரம் இருந்த சக மாணவனைப் பார்த்து அவள் கூனிக் குறுக வேண்டாம். அவனுக்கு ஏன் 300, இவளுக்கு ஏன் இல்லை என்பதற்கான பதில் அந்த 4,000-இல் இருக்கிறது. படிப்பவர் அதைப் பார்ப்பார்.

ஹூஸ்டனில் ஆறு படுக்கையறை வீட்டில் வளர்ந்து, எட்டாம் வகுப்பில் ஸ்கூல் மாறியதைத் தடையாக எழுதும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் ‘இல்லை’ என்று போடுவதே நல்லது.

கணவரின் பேச்சை மட்டும் நான் எளிதாகத் தள்ளமாட்டேன். மானம் என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் நோய் அவருடையது. முன்பின் தெரியாதவர்கள் அதைப் படிக்கப் போகிறார்கள். மகள் எழுதியதை அவருக்குத் தமிழில் முழுவதும் படித்துக் காட்டட்டும். ஏதாவது ஒரு விவரம் வேண்டாம் என்றால் எடுத்துவிடட்டும். ‘அப்பாவின் நீண்டகால நோய்’ என்று நோயின் பெயர் இல்லாமலே எழுத முடியும். மகளிடமும் ஒன்று கேளுங்கள்: நேர்காணலில் யாராவது இதைப் பற்றிக் கேட்டால் குரல் உடையாமல் இரண்டு நிமிடம் பேச முடியுமா? எழுதியது எல்லாமே கேள்வியாக வரலாம். இன்னும் ஆறாத காயம் என்றால் உண்மைகளைச் சுருக்கமாக எழுதிவிட்டு விடட்டும். அதற்கும் மதிப்பு உண்டு.

இதைவிட அவசரமான வேலை வேறு இருக்கிறது, நீங்கள் அதைக் கேட்கவில்லை. ஆம்காஸை நடத்தும் ஏ.ஏ.எம்.சி. என்ற அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கத்திடம் கட்டண உதவித் திட்டம் இருக்கிறது. குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் நான்கு மடங்குக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். உங்களைப் போல நான்கு பேர் குடும்பத்துக்கு 2025-ஆம் ஆண்டின் வறுமைக்கோடு 32,150 டாலர். நான்கு மடங்கு 1,28,600. நீங்கள் கட்டாயம் உள்ளே வருவீர்கள். கிடைத்தால் மெடிக்கல் ஸ்கூலுக்கான எம்கேட் நுழைவுத் தேர்வின் கட்டணம் குறையும், 20 கல்லூரிகள் வரை ஆம்காஸ் விண்ணப்பம் இலவசம், இரண்டாம் கட்டக் கட்டணத்தையும் பல கல்லூரிகள் தள்ளுபடி செய்யும். ஆனால் கட்டிய பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். ஆகவே எம்கேட்டுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே இதை முடித்தாக வேண்டும். மகளுடையதோடு பெற்றோரின் வருமான விவரமும் கேட்பார்கள். உங்கள் இருவரின் வரிக் கணக்கை இந்த வாரமே எடுத்து வையுங்கள்.

கடைசியாக, இது ஒரு டாக்டராக. அன்று 14 வயதுப் பெண்ணை மொழிபெயர்க்க வைத்தது அந்த மருத்துவமனையின் தவறு. மத்திய அரசின் பணம் வாங்கும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது சட்டம். போனிலோ வீடியோவிலோ தமிழ் பேசுபவர் வருவார். அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன்பே போன் செய்து “தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேண்டும்” என்று கேளுங்கள். அன்றைக்கு மகள் வகுப்புக்குப் போகட்டும்.