நெட்ஃபிளிக்ஸின் '3 பாடி ப்ராப்ளம்' தொடரைப் பற்றிப் பார்த்தவர்கள் ஏன் இருவேறு விதமாகப் பேசுகிறார்கள்? அது பார்க்கத் தகுந்ததுதானா?

பார்க்கத் தகுந்ததுதான். முதல் சீசனின் எட்டு எபிசோடுகளையும் முழுதாகப் பார்த்தேன், மூன்றை மட்டும் அப்பாவோடு உட்கார்ந்து இரண்டாம் முறையும் பார்த்தேன். ஆனால் பாதியில் நிறுத்தியவர்கள் சொல்லும் குறைகளும் வெறும் அவசரத்தில் சொல்லப்பட்டவை அல்ல. என் வீட்டிலும் அலுவலகத்திலும் கேட்ட மூன்று குறைகளை எடுத்துக்கொண்டு என் கருத்தைச் சொல்கிறேன். கதையின் சில திருப்பங்கள் இதில் வெளிப்படும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

சீன எழுத்தாளர் லியூ சிஷினின் நாவலை வைத்து டேவிட் பெனியாஃப், டி. பி. வைஸ், அலெக்சாண்டர் வூ ஆகிய மூவரும் உருவாக்கிய இத்தொடர் 2024 மார்ச் 21 அன்று வெளியானது. உலகெங்கும் இயற்பியலாளர்கள் காரணம் தெரியாமல் ஒருவர் பின் ஒருவராகத் தற்கொலை செய்துகொள்கிறார்கள், ஒரு பெண்ணின் கண்ணெதிரே மட்டும் எண்கள் இறங்குமுகமாக ஓடிக்கொண்டே இருக்கின்றன, ஓர் இரவு வானம் முழுவதும் விளக்கை அணைத்து ஏற்றுவது போலச் சிமிட்டுகிறது. இவை எல்லாவற்றின் வேரும் 1966இல் சீனாவில் நடந்த ஒரு கொலையில் இருக்கிறது.

அந்தக் கொலைதான் தொடரின் முதல் காட்சி. பழைய சிந்தனைகளை ஒழிக்கிறோம் என்று மாவோ தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியின் நாட்களில், பெய்ஜிங்கில் பெருங்கூட்டத்தின் முன் மேடையில் நிறுத்தப்படும் ஓர் இயற்பியல் பேராசிரியரை, சார்பியல் கோட்பாட்டைக் கற்பித்ததற்காக அவருடைய மாணவர்களே அடிக்கிறார்கள். மனைவியே மேடையேறி அவருக்கு எதிராகப் பேசுகிறார். மகள் கூட்டத்துக்குள் நின்று அனைத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் அப்பா முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தவர். அந்தக் காட்சி முடிந்ததும் ரிமோட்டை வாங்கி நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்தார். பிறகு, "அவரால் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லித் தப்பித்திருக்க முடியும், சொல்லவில்லை பார்" என்றார். நாவலின் சீனப் பதிப்பில் இந்தப் பகுதி நடுவில்தான் வருகிறது. 2014இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியர் முதலில் நினைத்திருந்தபடியே, இதைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தது. தொடரும் அதையே பின்பற்றியது சரியான முடிவு என்று நினைக்கிறேன், ஏனென்றால் பின்னால் யே வென்ஜியே என்ற அந்த மகள் செய்யப்போகும் காரியத்தை, இந்தக் காட்சியைப் பார்க்காத எவராலும் விளங்கிக்கொள்ள முடியாது.

அவர் செய்வது இதுதான். மலையுச்சியில் உள்ள ரகசிய ராணுவத் தளத்திலிருந்து விண்வெளிக்குச் செய்தி அனுப்புகிறார். பல ஆண்டுகள் கழித்து ஒரு வேற்றுக்கோளிலிருந்து அதற்குப் பதில் வருகிறது. பதில் எழுதியவர் அந்த வேற்றுக்கோளின் நல்லவர்களில் ஒருவர். மறுமொழி அனுப்பாதே, அனுப்பினால் எங்களவர்கள் உன் உலகைக் கைப்பற்றிவிடுவார்கள் என்று எச்சரிக்கிறார். எச்சரிக்கையைப் படித்த பின்னும் யே வென்ஜியே மறுமொழி அனுப்புகிறார். இளம் வயதுப் பாத்திரத்தில் நடித்த ஜைன் செங்கின் முகத்தில் அந்த நேரத்தில் கோபமோ கண்ணீரோ இல்லை. மனிதர்களைத் திருத்த மனிதர்களால் ஆகாது என்று எப்போதோ முடிவு செய்துவிட்ட ஒருவருடைய அமைதி மட்டுமே இருக்கிறது. முதுமையில் அதே பாத்திரமாக வரும் ரோசலிண்ட் சாவோ அந்த அமைதியை அப்படியே வாங்கிக்கொண்டிருக்கிறார். இந்த இருவருக்காக மட்டும்கூட இத்தொடரைப் பார்க்கலாம்.

முதல் குறை என் அக்கா மகனுடையது. பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவன், 'அறிவியல் என்ற பெயரில் எதையோ சொல்கிறார்கள், ஒன்றும் பிடிபடவில்லை' என்று இரண்டாவது எபிசோடோடு விட்டுவிட்டான். கதையில் வரும் வேற்றுக்கோளுக்கு மூன்று சூரியன்கள். எது எப்போது உதிக்கும் என்று அங்கே எவருக்கும் தெரியாது. சில காலம் சீராகப் போகும், திடீரென்று எல்லாம் கருகும் அல்லது உறையும். அப்போது மக்கள் உடலின் நீரை வெளியேற்றி வற்றிப்போய், பாய் போலச் சுருட்டி வைக்கப்படுகிறார்கள். வடாம் காய்ந்து கிடப்பது போல இருக்கிறது என்றார் அம்மா. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்தால் அவற்றின் பாதையை நியூட்டனின் விதிகளைக் கொண்டு எத்தனை ஆண்டுக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடலாம், ஆனால் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தால் எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் எளிய சூத்திரம் கிடையாது. தொடக்கத்தில் இருக்கும் மிகச் சிறிய வேறுபாடு போகப்போகப் பாதையையே வேறாக்கிவிடும் என்பதைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் போன்காரே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காட்டினார்.

இதைச் சொல்லிப் புரியவைப்பதை விட அப்பா செய்து காட்டினார். இரண்டு மர ஸ்கேல்களை நுனியில் துளையிட்டு ஒரு சிறிய போல்ட்டால் தளர்வாக இணைத்து, மேல் ஸ்கேலைப் பால்கனிக் கம்பியில் ஆணியால் மாட்டினார். தலைக்கு மேல் ஒரே உயரத்துக்குத் தூக்கி இரண்டு முறை விட்டார். பேரனைக் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொன்னார். இரண்டு படங்களையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தபோது முதல் சில வீச்சுகள் ஒன்று போலவே இருந்தன. அதன்பின் ஒரு படத்தில் கீழ் ஸ்கேல் முழுச் சுற்றுச் சுற்றியது, மற்றதில் பாதியில் தயங்கித் திரும்பியது. 'அந்த ஊரில் சூரியன் இப்படித்தானா தாத்தா' என்று கேட்டுவிட்டு, அன்றிரவே மூன்றாவது எபிசோடை அவனாகப் போட்டான். தொடருக்குள் இந்த விளக்கம் இருக்கிறது, ஆனால் அது, பாத்திரங்கள் தலையில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு அந்த உலகுக்குள் ஆடும் மெய்நிகர் விளையாட்டுக் காட்சிகளின் பிரம்மாண்டத்துக்குள் அமுங்கிப் போகிறது. அந்த வகையில் அவன் குறை நியாயமானதே.

கதை அந்த மூன்று சூரியன்களை நமக்கு மிக அருகிலுள்ள ஆல்ஃபா சென்டாரி விண்மீன் தொகுதியில் வைக்கிறது. இதை நம் ஊரிலிருந்தே பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தொடரைப் பார்த்து முடித்த கையோடு, 2024 மே மாதக் கடைசியில் இரவு பத்து மணியளவில் கோவளம் தாண்டிக் கடற்கரைக்குப் போனோம். தெற்கே திரும்பி நின்று, கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைத்தால், அதற்கு மேலே அரை முஷ்டி உயரத்தில் பளிச்சென்று தெரிவதுதான் அது. வலப்பக்கம் அதன் இணையான பீட்டா சென்டாரியும், அதற்கும் அப்பால் தென்சிலுவையும் இருக்கின்றன. அன்று எங்கள் கண்ணில் பட்ட ஒளி ஏறக்குறைய 2020 பொங்கல் சமயத்தில் அங்கிருந்து கிளம்பியது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அது உண்மையில் இரண்டு விண்மீன்கள் என்பதை 1689இல் ஷான் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தொலைநோக்கியில் கண்டறிந்தார். கண்டறிந்த இடம் நம் புதுச்சேரி. மூன்றாவதான பிராக்சிமா 1915இல்தான் தெரியவந்தது.

இங்கே தொடர் உண்மையை வளைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிராக்சிமா மற்ற இரண்டிலிருந்தும் வெகு தொலைவில் இருப்பதால், அங்கே கதையில் வரும் குழப்பம் நிகழாது. பெரிய விண்மீன்கள் இரண்டும் சுமார் 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று ஒழுங்காகவே சுற்றி வருகின்றன. அதே போல, தொலைவில் பிரிந்திருக்கும் இரு துகள்களின் நிலை ஒன்றோடொன்று தொடர்புற்றிருக்கும் குவாண்டம் பிணைப்பின் வழியாக ஒளியை மிஞ்சிய வேகத்தில் செய்தி பரிமாறுவதாகக் காட்டுவதும் இன்றைய இயற்பியல் ஏற்காத ஒன்று. இவற்றால் எனக்குத் தொடர் கசந்துவிடவில்லை, ஆனால் 'முழுக்க அறிவியல் உண்மை' என்று சிலர் புகழ்வது சரியில்லை.

இரண்டாவது குறைதான் அதிகம் கேட்டது. வேற்றுக்கோளினர் பூமிக்கு வந்து சேர 400 ஆண்டுகள் ஆகும். 'நானூறு வருஷம் கழித்து வருகிறவனுக்கு இன்றைக்கு ஏன் பயப்பட வேண்டும், இதில் என்ன விறுவிறுப்பு' என்று அலுவலக நண்பர் கேட்டார். என்னைப் பொறுத்தவரை தொடரின் உயிரே அங்கேதான் இருக்கிறது. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று எங்கள் பாட்டி சொல்வார். இந்தக் கதையின் மனிதர்களுக்குப் பார்த்துவிட்டுச் சாகும் கொடுப்பினைகூட இல்லை. தங்கள் பெயர்கூடத் தெரியப்போகாத பதினைந்து தலைமுறைக்குப் பிந்தையவர்களுக்காக வேலையையும் நட்பையும் உயிரையும் கொடுக்கச் சொல்கிறார்கள். சிலர் கொடுக்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள், மறுப்பவர்களைத் தொடர் கெட்டவர்களாகக் காட்டவில்லை. ஏரியிலும் சதுப்பு நிலத்திலும் வீடு கட்டிவிட்டு 2015 வெள்ளத்தில் மொட்டை மாடியில் நின்ற நகரத்தில் இருந்துகொண்டு, பின்னால் வரப்போவது நமக்கென்ன என்று என்னால் கேட்க முடியவில்லை.

மூன்றாவது குறை நாவலைப் படித்த ஒரு தோழியுடையது. நாவலில் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாத பாத்திரங்களை, தொடரில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒன்றாகப் படித்த ஐந்து நண்பர்களாக மாற்றிவிட்டார்கள். உலகத்தின் விதி முழுவதும் ஒரே நட்பு வட்டத்துக்குள் அடங்குவது நம்பும்படி இல்லை என்பது அவர் வாதம், நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். முதல் இரண்டு எபிசோடுகளில் இவர்களுடைய பேச்சு சலிப்பூட்டுகிறது. ஆனால் இந்த மாற்றத்தால் ஒரு நன்மையும் விளைந்திருக்கிறது. ஐந்தாவது எபிசோடில், பனாமா கால்வாயின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத நானோ இழைகளைக் கட்டி, வேற்றுக்கோளினரின் ஆதரவாளர்கள் வாழும் கப்பலை அறுக்கிறார்கள். கப்பலில் குழந்தைகளும் இருக்கிறார்கள். நல்ல காரியங்களுக்குப் பயன்படும் என்று அந்த இழையை உருவாக்கிய ஆகி, கரையில் நின்று அதைப் பார்க்கிறாள். முந்தைய நான்கு எபிசோடுகளில் அவளை நண்பர்களோடு சிரிக்கவும் சண்டையிடவும் பார்த்திருந்ததால்தான் அந்த முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

கடைசி மூன்று எபிசோடுகள் வேகம் குறைந்தவை, கதையும் முடிவடையாமல் நிற்கிறது. எனவே வார இறுதியில் ஒரே மூச்சில் பார்த்து முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும். நாளைக்கு ஒன்றாகப் பாருங்கள், மூன்றாவது எபிசோடு வரையாவது பொறுங்கள். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் முதல் காட்சியையும் ஐந்தாவது எபிசோடின் கப்பல் காட்சியையும் அவர்கள் தூங்கிய பிறகு பாருங்கள்.