டெம்ப்சியின் காலணி – கடிதம்

அன்புள்ள ஐயா,

1970இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் டாம் டெம்ப்சி 63 யார்டு தூரத்திலிருந்து அடித்த ஃபீல்ட் கோலை (தரையில் நிறுத்திய பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பிக்கு மேலாக உதைப்பது) பற்றி நண்பர்களிடையே வாக்குவாதம். பிறவியிலேயே வலது பாதத்தில் விரல்கள் இல்லாத அவர், முன்பக்கம் தட்டையான தனிக் காலணி போட்டு உதைத்தார். சாதனை அந்தக் காலணியுடையதுதான், அது ஒருவகை ஏமாற்று என்கிறார் ஒரு நண்பர். சரியா? பின்னாளில் அவர் என்ன ஆனார்?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர் சொல்வது புதிதல்ல. டல்லாஸ் அணியின் நிர்வாகி டெக்ஸ் ஷ்ராம் அன்றைக்கே இதைச் சொல்லிவிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அந்தக் காலத்தில் பெரும்பாலானோர் நேராக ஓடிவந்து கால்நுனியால்தான் உதைத்தார்கள். நாம் அறிந்த சாதாரணக் கால்பந்துக்காரர்களைப் போல பக்கவாட்டில் வந்து புறங்காலால் உதைக்கும் முறை 1964இல் பீட் கோகோலக் என்ற உதையாளரோடுதான் உள்ளே வந்தது. நுனியால் உதைக்கிறவர்கள் பெரும்பாலும் சதுர முனைக் காலணிதான் போட்டார்கள். உதைக்கும்போது முனை மடங்கினால் விசை வீணாகும் என்பதே காரணம். டெம்ப்சி கல்லூரியில் வெறுங்காலோடு உதைத்தவர். காலணி பிறகு, சான் டியாகோ பயிற்சியாளர் சிட் கில்மனின் யோசனையில் வந்தது. விரல் மடங்காதது அவருக்கு ஆதாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பந்தில் படும் பரப்பு சிறியதாயிற்றே, மையம் சற்று விலகினாலும் பந்து கோணிக்கொண்டு போகும். கம்பங்களுக்கு இடையே 18.5 அடி. 63 யார்டிலிருந்து பார்த்தால் நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு மூன்று டிகிரிகூடக் கிடையாது.

அன்று நடந்ததையும் பார்க்க வேண்டும். நவம்பர் 8, நியூ ஆர்லியன்ஸ், டுலேன் மைதானம். டெம்ப்சியின் அணியான செயின்ட்ஸ், அந்தப் பருவத்தில் இரண்டே ஆட்டம் ஜெயித்த அணி. எதிரணி டெட்ராய்ட் 17-16 என்று முன்னிலை. மிச்சம் 2 விநாடி. அப்போது கோல் கம்பம் கோல் கோட்டிலேயே இருந்தது. 1974இல்தான் 10 யார்டு பின்னால் தள்ளினார்கள். அதனால் பந்து தங்கள் பாதியின் 45ஆவது யார்டில் இருக்கும்போதே செயின்ட்ஸ் உதைக்க முடிந்தது. கம்பம் எங்கே இருந்தாலும் உதைத்த தூரம் என்னவோ அதே 63 யார்டுதான்.

ஸ்னாப்பில் (முன்வரிசைக்காரர் கால்களுக்கு இடையே பின்னால் எறிவது) வந்த பந்தைத் தரையில் நிறுத்திப் பிடித்தவர் ஜோ ஸ்கார்பாட்டி. பந்து இருந்த கோட்டிலிருந்து வழக்கமாக 7 யார்டு பின்னால் உட்காருவார்கள், அன்று 8. தூரமாகப் போக வேண்டிய பந்து தாழ்வாகக் கிளம்பும், முன்வரிசையில் கையைத் தூக்கி நிற்கிறவர்கள் தடுத்துவிடுவார்கள். அந்த ஒரு யார்டு, பந்து அவர்கள் தலைக்கு மேல் எழக் கொஞ்சம் இடம் தந்தது. பந்து குறுக்குக் கம்பியைத் தாண்டியது, மூன்று புள்ளி, 19-17. அதற்கு முந்தைய சாதனை, 1953இல் பெர்ட் ரெச்சிச்சர் அடித்த 56 யார்டு. ஒரே உதையில் ஏழு யார்டு கூடுதல்!

காலணியில் மாயம் இருந்தால் அது தினமும் வேலை செய்திருக்க வேண்டுமல்லவா? 11 பருவங்களில் அவர் முயன்றது 258, விழுந்தது 159. ஏறக்குறைய 62 சதவீதம். அந்தக் காலத்து உதையாளர்களின் சராசரியை ஒட்டியதுதான். சாதனைக்கு மறு ஆண்டே செயின்ட்ஸ் அவரை விடுவித்துவிட்டது. பிறகு பிலடெல்ஃபியா, லாஸ் ஏஞ்சல்ஸ், ஹூஸ்டன், பஃபலோ.

63ஐ முதலில் சமன்செய்தவர் ஜேசன் எலாம், 1998இல். முதலில் தாண்டியவர் மாட் ப்ரேட்டர், 2013இல், 64 யார்டு. இரண்டும் டென்வரில். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம், காற்று அடர்த்தி குறைவு, பந்து கூடுதல் தூரம் போகும். நியூ ஆர்லியன்ஸோ கிட்டத்தட்ட கடல்மட்டத்திலேயே இருக்கிறது. உண்மையான சலுகை எது என்று நண்பரையே கேளுங்கள்.

1977இல் விதி வந்தது: உதைக்கும் காலில் செயற்கை உறுப்பு இருந்தாலும், காலணியின் உதைக்கும் பரப்பு சாதாரணக் காலணியைப் போலவே இருக்க வேண்டும். டெம்ப்சி விதி என்றே அதைச் சொல்கிறார்கள்.

1979 பருவத்தோடு ஆட்டத்தை நிறுத்தியவர் நியூ ஆர்லியன்ஸ் பக்கமே தங்கிவிட்டார். 2005 கத்ரீனா புயலில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. 2013இல் தனக்கு மறதிநோய் இருப்பதை வெளியே சொன்னார். 2020 ஏப்ரல் 4 அன்று, 73 வயதில், கொரோனா தொற்றால் இறந்தார்.