டீசல் பீப்பாய் எண்ணுவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

நிலவியலில் முதுகலை முடித்தவன். அண்டார்டிகா போவது பள்ளி நாள் முதலான கனவு. ஆராய்ச்சியாளனாக இந்தியக் குழுவில் இடம் கிடைக்கவில்லை. நிலையத்தில் ஸ்டோர் வேலைக்கு ஒப்பந்த ஆள் எடுக்கிறார்கள், விண்ணப்பித்துப் பார் என்கிறார்கள். என்னோடு படித்தவன் அங்கே பாறை சேகரிக்கும்போது நான் டீசல் பீப்பாய் எண்ணிக்கொண்டிருப்பதா? குளிர், சம்பளம், வீட்டில் எதிர்ப்பு என்று வேறு தயக்கங்களும் உண்டு. என்ன சொல்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

குளிருக்கு உடை தருவார்கள். சம்பளம் உங்கள் பாடு. வீட்டில் நீங்களே பேசிக்கொள்ளுங்கள். ‘எண்ணிக்கொண்டிருப்பதா’ என்று கேட்டீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. சில நாட்களாக, தென்துருவம் போன பிரிட்டிஷ்காரர் ஸ்காட்டின் கடைசிப் பயணத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்காட் என்றதும் எல்லோரும் அந்த 11 மைலைச் சொல்வார்கள். 1912 மார்ச்சில், வழியில் உணவும் எண்ணெயும் புதைத்து வைத்திருந்த ‘ஒரு டன்’ கிடங்குக்கு 11 மைல் இருக்கும்போது அவரும் கூட இருந்தவர்களும் கூடாரத்துக்குள் முடங்கிச் செத்தார்கள். கிடங்கைத் திட்டப்படி இன்னும் தெற்கே, 80 பாகை அட்சரேகையில் வைத்திருந்தால் பிழைத்திருப்பார்களாம். இருக்கலாம். கேட்டுக் கேட்டு அலுத்த வாதம். நான் பார்ப்பது டப்பாவின் வாயை. துருவத்திலிருந்து திரும்பும் வழியில் கிடங்குகளைத் தோண்டினால் மண்ணெண்ணெய் குறைந்திருந்தது. யாரும் திருடவில்லை. திருகு மூடிக்கு அடியில் இருந்த தோல் வாஷர் இற்று, எண்ணெய் கசிந்தும் ஆவியாகியும் போயிருந்தது. எண்ணெய் கசியும் என்பது பத்து வருடம் முந்தைய டிஸ்கவரி கப்பல் பயணத்திலேயே ஸ்காட்டுக்குத் தெரியும். அவரை முந்தித் துருவத்தைத் தொட்ட நார்வேக்காரர் அமுண்ட்சன் ஈயப்பற்று வைத்து வாயை அடைத்துவிட்டார். நாய்கள், பனிச்சறுக்கு என்று அவர் ஜெயித்ததற்கு வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் அங்கே எண்ணெய் தீர்ந்தால் தண்ணீரும் தீர்ந்தது. சுற்றிலும் பனி, உருக்க நெருப்பு கிடையாது.

என் அப்பா கூட்டுறவு பண்டகசாலையில் மண்ணெண்ணெய் அளந்தவர். பேரல் இறங்கியதும் மூடியைச் சுற்றி விரலால் தடவி முகர்ந்து பார்ப்பார். ஈரம் தட்டினால் கையெழுத்துப் போடமாட்டார். லாரிக்காரர்கள் திட்டுவார்கள், அவர் பாட்டுக்குத் தடவிக்கொண்டிருப்பார். அந்தச் சட்டை வாடையில் வளர்ந்தவனிடம் வந்து பீப்பாயைக் கேவலமாகப் பேசியிருக்கிறீர்கள்.

நிலவியல் படித்தவர் நீங்கள். செத்தவர்களின் சறுக்குவண்டியில் என்ன இருந்தது? 35 பவுண்டு பாறை. கடைசிவரை இழுத்து வந்திருக்கிறார்கள். அதில் குளோசாப்டெரிஸ் இலைப் படிவம், நம் கோண்டுவானா நிலக்கரிப் படுகைகளில் கிடைக்கிற அதே செடி. எட்டு மாதம் கழித்துத் தேடிப் போனவர்கள் கண்டெடுத்ததால் கல்லாவது லண்டன் போய்ச் சேர்ந்தது.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். சரியாக நூறாண்டு கழித்து, 2012 டிசம்பர். அண்டார்டிகாவில் 3 கி.மீ. பனிக்கு அடியில் கிடக்கும் எல்ஸ்வொர்த் ஏரியை வெந்நீர் பாய்ச்சித் துளைத்துத் தொடப் பிரிட்டிஷ் குழு போயிற்று. தண்ணீரை மீட்டுச் சுழற்ற 300 மீட்டர் ஆழத்தில் ஒரு குழிவு செய்தார்கள். பிரதான துளை அதோடு சேரவே இல்லை. வெந்நீர் பனிக்குள் ஊறிப் போனது. ஈடுகட்ட இன்னும் பனியை வெட்டி, இன்னும் உருக்கி, எரிபொருள் கரைந்தது. மிச்சம் ஏரிவரை போதாது என்று தெரிந்ததும், பல வருட உழைப்பைக் கிறிஸ்துமஸ் வாக்கில் அப்படியே நிறுத்தினார்கள்.

அங்கே இருக்கும் நம் மைத்ரி நிலையத்துக்குக் கப்பல் வருவது கோடையில். பனித்தட்டின் விளிம்பில் இறக்கிய டீசலைப் பிஸ்டன்புல்லி என்னும் பனி வண்டிகளில் கட்டி ஏறக்குறைய 100 கி.மீ. உள்ளே இழுக்க வேண்டும். கணக்கில் விட்டுப்போனது அடுத்த கோடைக்குத்தான் வரும்.

விண்ணப்பியுங்கள். நேர்காணலில் நிலவியல் பேசி அவர்களைக் கொல்லாதீர்கள். டீசல் எந்தக் குளிரில் மெழுகாகத் திரளும், பீப்பாயை நிறுத்தி வைப்பதா படுக்க வைப்பதா என்று படித்துவிட்டுப் போங்கள். கூடப் படித்தவரின் பாறைப் பெட்டிகளும் உங்கள் கையெழுத்தில்தான் கப்பல் ஏறும். எடையைக் குறைத்துத்தான் சொல்வார். நீங்களே நிறுத்துப் பாருங்கள்.