'மதர்போர்டு போய்விட்டது' என்று சொன்னால் உடனே நம்பலாமா?

கேள்வி: நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக் கணினி. பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து இயக்கினால், உள்ளே விசிறி சுற்றுகிறது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்த உடனேயே, மதர்போர்டு போய்விட்டது, ஒன்பதாயிரம் ஆகும் என்கிறார். மகளின் திருமணப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்வது? – ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்.

பதில்: படங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவை சேமிப்புக் கருவியான ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன, பாகங்களை எல்லாம் இணைக்கும் பலகையான மதர்போர்டில் அல்ல. மதர்போர்டு உண்மையிலேயே பழுதாகியிருந்தாலும், டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் படங்களை எடுத்துவிடலாம். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பின்னால் விளக்குகிறேன்.

விசிறி சுற்றுவதால் மின்சாரம் உள்ளே வருகிறது என்பது தெரிகிறது. திரை மட்டும் இருண்டிருக்கும்போது நான் முதலில் சந்தேகப்படுவது ரேமைத்தான், அதாவது மதர்போர்டில் செருகியிருக்கும் தற்காலிக நினைவகப் பட்டையைத்தான். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பக்கவாட்டு மூடியைத் திறந்து, பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமின் இரு முனைக் கொக்கிகளையும் விலக்கி அதை வெளியே எடுங்கள். அதன் தங்க நிற முனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, கொக்கி 'டக்' என்று விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். திரையின் கேபிள் இருபுறமும் இறுகியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தைப் பிரித்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

இவ்வளவு செய்தும் திரை வரவில்லை என்றால் கடைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நல்ல நிலையில் உள்ள கணினி, டிஸ்க் இல்லாமலேயே திரையில் எழுத்துகளைக் காட்டும். ஆகவே இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க உங்கள் டிஸ்க் யாருக்கும் தேவையில்லை. தேவையில்லாத டிஸ்க்கை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மேட் செய்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். இப்படி வாழ்நாள் சேமிப்பை இழந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

நல்ல ரேம் ஒன்றையும் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றையும் உங்கள் கண்ணெதிரே மாற்றிப் போட்டுக் காட்டாமல், மதர்போர்டு போய்விட்டது என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அது அரை மணி நேர வேலை. மாற்றுவதாக முடிவானால் பழைய மதர்போர்டைத் திருப்பிக் கேளுங்கள். தயங்குகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இனி அந்த விதிவிலக்கு. உங்களுடையது விண்டோஸ் 11 ஆக இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தி வந்திருந்தால், நீங்கள் அறியாமலேயே டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டிருக்கலாம். மதர்போர்டை மாற்றினாலோ, டிஸ்க்கை வேறு கணினியில் இணைத்தாலோ அந்தப் பூட்டைத் திறக்க, 48 இலக்க பிட்லாக்கர் (விண்டோஸின் பூட்டு வசதி) மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லையென்றால் எந்த வல்லுநராலும் படங்களை எடுக்க முடியாது. முடியும் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். எனவே இன்றே கைப்பேசியில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, மீட்பு எண் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தாளில் எழுதி வையுங்கள். டிஸ்க்கைப் பூட்டும்போது அதைப் பெரிய எழுத்தில் உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும் என்ற அக்கறை அந்த நிறுவனத்துக்கு இருந்திருக்க வேண்டும்.

செய்த வேலைக்குப் பில் தராமல் இருப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகளாகியும் துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுக்கும் பழக்கம் ஒழியவில்லை. கேட்பதற்கும் அதிகாரிகள் வருவதில்லை. பில் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். புதிய மதர்போர்டின் வரிசை எண்ணும் வாரண்டிக் காலமும் அந்தப் பில்லில் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.