பதில்: ராத்திரி முழுக்க ஊறவைத்தும் வெந்தயம் மசியவில்லை, தலையில் திப்பி ஒட்டுகிறது

கோத்தகிரிக் குளிரில் பச்சைத்தண்ணீரில் போட்டால் அப்படித்தான் ஆகும், சகோதரி. சமவெளிக்காரர்கள் சொல்லும் எட்டு மணி நேரக் கணக்கு மலைக்கு ஒத்துவராது. 2 மேசைக்கரண்டி வெந்தயத்தைக் கழுவி, 1 டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரோடு ஹாட்பாக்ஸில் மூடி வையுங்கள். 12 மணி நேரம் கழித்து ஒரு விதையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நசுங்க வேண்டும், நடுவில் கடுக்கென்றால் இன்னும் ஊறட்டும்.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு அரைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கொழகொழப்பில் ஒரு பங்கு அதோடு போய்விட்டது! அந்தத் தண்ணீரையே கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மிக்ஸியில் நுரைக்க அரையுங்கள். பிறகு பழைய வேட்டித் துணியில் போட்டுப் பிழியுங்கள். திப்பி என்பது விதைத்தோல்தான். வீட்டு மிக்ஸியில் எவ்வளவு ஓட்டினாலும் அது முழுதாக மசியாது, அதனால் வடிகட்டாமல் தீர்வில்லை.

தலையில் 20 நிமிடம் போதும். நீங்கள் விட்ட ஒரு மணி நேரத்தில் விழுது காய்ந்து முடியோடு இறுகியிருக்கும். அலசும்போது அறுந்து வந்தது அதனால்தான். வெயில் ஏறிய பிறகு, வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். வாரம் ஒருமுறை மட்டும்.

வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாதவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம். முதலில் முழங்கையின் உட்புறம் தடவிப் பாருங்கள். இது முடியை மிருதுவாக்கும், அவ்வளவே. வேரோடு கொத்தாகக் கொட்டினால் ரத்தத்தில் இரும்புச்சத்தையும் தைராய்டையும் சோதித்துவிடுங்கள்.