நீங்கள் நேரில் பார்த்ததிலேயே அசத்தலான மாறுவேடம் எது?

ஒரு போர்க்கப்பல். வேடம் கட்டியவர் என் பெரியப்பா. துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் கணக்கு எழுதும் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் எங்களுக்குப் பல வருடப் பழக்கம். அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள் செப்டம்பர் 22. மாறுவேடம், டான்ஸ் எல்லாம் வைத்து வீட்டுத் தோட்டத்திலேயே விருந்து நடத்த வேண்டும் என்பது ஆன்ட்டியின் ஆசை. ராயபுரத்தில் தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு வேப்பமரம், ஒரு முருங்கை, நாலு செம்பருத்திச் செடி, நடுவில் சிமென்ட் பூசாமல் விட்டுவைத்த மண்தரை, அவ்வளவுதான். சீரியல் லைட் போட்டதும் அதுவே மாளிகை மாதிரி ஆகிவிட்டது. ஒரு பக்கம் மஞ்சள் சோறும் கோலா உருண்டைக் குழம்பும், இன்னொரு பக்கம் செகண்ட் லைன் பீச்சிலிருந்து ஆள் வந்து போட்ட அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ். பாட்டு ஒரு ஜைவ், ஒரு டப்பாங்குத்து என்று மாறி மாறி ஓடியது. இரண்டுக்கும் ஒரே ஆட்கள்தான் ஆடினார்கள்.

வேடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், கட்டபொம்மன் இரண்டு பேர், அதே கடை மீசையோடு. ஒரு நர்ஸ், ஒரு கடற்கொள்ளைக்காரன், இடுப்பில் மீன்கூடையோடு சேலை கட்டிய ஓர் அங்கிள், கணக்கில்லாத ஸ்பைடர்மேன்கள். இதற்குள் பெரியப்பா நுழைந்தார். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிக்குச் சாம்பல் பெயின்ட் அடித்து, இரண்டு பக்கமும் கூராக மடித்து, பழைய பை வாரைத் தோளில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். மேலே வரிசையாக நான்கு புகைபோக்கி. பார்த்தவுடனே ஆன்ட்டி கத்தினார்: “என்ன மேன், டைட்டானிக்கா!”

பெரியப்பா மறுக்கவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. சும்மா சிரித்தார். அதற்குப் பிறகு வந்த அத்தனை பேரும் டைட்டானிக் என்றேதான் சொன்னார்கள். பிள்ளைகள் முன்பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெட்டியோடு ஆடுவது லேசில்லை. திரும்பினால் இரண்டு பேர் மேல் இடிக்கும். அவர் அலை மேல் போவது போல மெதுவாக அசைந்து, கூட்டத்துக்குள் வட்டம் வட்டமாகப் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு வட்டத்திலும் தோட்டத்து மூலையில் இருந்த இரண்டு நீல டிரம்முக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினார் என்பதை யாரும் கவனிக்கவில்லை. விருந்து வீட்டில் தண்ணீர் டிரம்மை யார் கவனிப்பார்கள்?

ஒன்பதரைக்குப் பாட்டு டக்கென்று நின்றது. சீரியல் லைட்டும் அணைந்தது. கரண்ட் போய்விட்டது என்று எல்லாரும் ‘ஓ’ போடும்போது, பெட்டியின் பக்கவாட்டிலிருந்து இரண்டு பெரிய டார்ச் வெளிச்சம் கண்ணில் அடித்தது. பெரியப்பா நான்காவது புகைபோக்கியைப் பிடுங்கிச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்தார். அது மட்டும் துணி. மற்ற மூன்றும் பி.வி.சி. பைப். அப்புறம் டிரம்மைக் குறிவைத்து ஆரஞ்சு மிட்டாய் பறந்தது. டிரம்முக்குப் பின்னால் ஒளிந்திருந்த அவர் பேரன் சிவப்பு பல்பைப் போட்டான். கட்டபொம்மன்களில் ஒருவர் அத்தோ மேசை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இன்னா முழிக்கிறீங்க? இன்னிக்கி தேதி இன்னா? எத்தினி பொகபோக்கி, இப்ப எண்ணு!” என்றார் பெரியப்பா.

மூன்று. எம்டன்.

இனி அந்தத் தேதியின் கதை. எம்டன் ஒரு ஜெர்மன் இலகு ரகப் போர்க்கப்பல். கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர்ச் சண்டை தொடங்கியதும், பசிபிக் கடலில் தன் கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியாக இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. அதற்கு மூன்று புகைபோக்கி. யார்மவுத் போன்ற பிரிட்டிஷ் கப்பல்களுக்கு நான்கு. அதனால் கப்பலின் முதல் அதிகாரி ஹெல்முத் ஃபான் மூக்கே ஒரு யோசனை சொன்னார்: மரச்சட்டத்திலும் கேன்வாஸ் துணியிலும் ஒரு பொய்ப் புகைபோக்கி கட்டி நிறுத்திவிடலாம். மொத்த வேடமே அவ்வளவுதான். கடலில் தூரத்துக் கப்பலை அடையாளம் பார்ப்பவர்கள் முதலில் எண்ணுவது புகைபோக்கிகளைத்தான். எண்ணிக்கை சரியாக இருந்தால் மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். அலங்காரம் கூடக்கூட வேடம் கெட்டுப்போகும் என்று நான் நினைப்பது இதனால்தான். அங்கே மூன்று மணி நேரம் மேக்கப் போட்டு வந்தவர்களும் இருந்தார்கள், பாவம், யாரும் ஒரு நிமிஷம்கூட ஏமாறவில்லை.

(ஒரு இடைச்செருகல்: டைட்டானிக்கின் நான்காவது புகைபோக்கியும் முக்கால்வாசி அழகுக்குத்தான். பாய்லர் புகை முதல் மூன்றில்தான் போனது. நான்காவது பெரும்பாலும் காற்றோட்டத்துக்கு. பெரியப்பாவுக்கு இது முன்பே தெரியும் என்று சத்தியம் செய்கிறார். நான் நம்பவில்லை.)

1914 செப்டம்பர் 10 முதல் வங்கக் கடலில் எம்டன் சரக்குக் கப்பல்களைப் பிடிக்கத் தொடங்கியது. கல்கத்தாவிலிருந்து கிளம்பிய இண்டஸ் என்ற கப்பலில் நிறைய சோப்பு கிடைத்தது. எம்டனில் அப்போது சோப்புக்குப் பஞ்சம். சென்னையைத் தாக்கப் போகும் நாளில் மாலுமிகள் எல்லாரும் குளித்துவிட்டுச் சுத்தமான உடுப்பு மாட்டிக்கொள்ள வேண்டும் என்று கேப்டன் உத்தரவு போட்டார். விருந்துக்குப் போகும் ஆட்களைப் போலத் தயாரானார்கள். காரணம் மட்டும் வேறு: குண்டடி பட்டால் அழுக்குத் துணி காயத்தில் சீழ் பிடிக்க வைக்கும்.

அந்த நாள்தான் செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. அமாவாசை கழிந்து இரண்டு மூன்று நாள்தான், நிலா சீக்கிரமே இறங்கிவிட்டிருக்கும். நவராத்திரி தொடங்கிய சமயமும்கூட. ஜார்ஜ் டவுன் வீடுகளில் கொலு, சுண்டல், கிருஷ்ணன் ராதை வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகும் பிள்ளைகள் என்று இருந்திருக்கும். இது என் கற்பனை, ஆனால் நவராத்திரியில் வேறு எப்படி இருக்கும்? யுத்தம் ஐரோப்பாவில் நடக்கிறது, இங்கே என்ன என்ற நினைப்பு ஊருக்கு. துறைமுகத்து விளக்குகள் எரிந்தன. உயர் நீதிமன்றக் கட்டடத்தின் மேல் இருந்த கலங்கரை விளக்கமும் வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருந்தது. 1894 முதல் 1977 வரை சென்னைக்கு வெளிச்சம் காட்டியது அதுதான். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வந்த கப்பலுக்கு ஊரே வழி காட்டியது.

ஒன்பதரை மணி வாக்கில், கரையிலிருந்து மூவாயிரம் கெஜ தூரத்துக்குள் வந்து நின்று, தேடுவிளக்கைப் போட்டது. துறைமுகத்தை ஒட்டி இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்தான் குறி. அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள். இரண்டு தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பலும் அடி வாங்கியது. ஐந்து பேராவது இறந்தார்கள். கரையிலிருந்து பதிலுக்குக் கிளைவ் பேட்டரி பீரங்கிகள் ஒன்பது குண்டு போட்டன, ஒன்றும் படவில்லை. கிளைவ் பேட்டரி என்ற பெயரைப் பாலம் ஏறி இறங்கும் வடசென்னைக்காரர்கள் தினமும் சொல்கிறோம், அங்கே உண்மையிலேயே பீரங்கி இருந்தது என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ. இதற்கான நினைவுக் கல்லைப் பார்க்க விரும்பினால் உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் இருக்கிறது. எம்டன் குண்டு விழுந்த இடம் என்று பொறித்திருக்கிறார்கள்.

சேதத்தைக் கணக்குப் போட்டால், ஒரு பெரிய நகரத்துக்கு இது பெரிய அடி இல்லை. பயம்தான் பெரிசு. அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கான பேர் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலிலும் வண்டியிலும் நடையாகவும் ஊரை விட்டுப் போனார்கள். கப்பலோ இரவோடு இரவாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. திரும்பி வருமா, வராதா என்று யாருக்கும் தெரியாதபோது, வராத கப்பலுக்கும் பயந்துதான் ஆகவேண்டும்.

விடுதலைப் போராட்டக்காரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்று கீழே யாராவது நிச்சயம் எழுதுவீர்கள். அவர் அந்தச் சமயம் ஐரோப்பாவில் இருந்தார். ஆனால் பெரியப்பாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், அன்றைக்குச் சோறு கிடைக்காது.

அடுத்த மாதம் 28ஆம் தேதி அதே பொய்ப் புகைபோக்கியோடு எம்டன் பினாங்கு துறைமுகத்துக்குள் விடிகாலையில் நுழைந்தது. நம்ம ஆள் என்று விட்டுவிட்டார்கள். ஷெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பல் அங்கேயே மூழ்கியது. வேடம் கலைந்தது நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவில். தந்தி நிலையத்தைத் தகர்க்க வந்த கப்பலைப் பார்த்த ஊழியர்கள், நான்காவது புகைபோக்கி துணி என்று கண்டுபிடித்துவிட்டார்கள். உடனே ‘அந்நியக் கப்பல் ஒன்று வந்திருக்கிறது’ என்று தந்தி பறந்தது. பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் வந்து சேர்ந்தது, அத்தோடு எம்டன் கதை முடிந்தது. அந்தத் துணியை ஜெர்மன்காரர்கள் சரியாக இழுத்துக் கட்டவில்லை என்பது பெரியம்மாவின் தீர்ப்பு. பெரியப்பாவுடையதைத் தைத்துக் கொடுத்தது அவர்தான், அதனால் சொல்வதற்கு அவருக்கு உரிமை உண்டு.