மோட்டார்ஹோம் ஹீட்டருக்கு மலிவான சிம்: கேள்வி பதில்

மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கி வாழும் வண்டியில், சிம், சிக்னல், ஹீட்டருக்குச் செய்தி சொல்லும் பெட்டி ஆகியவை பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஹீட்டரே பழுது என்றால் மெக்கானிக்கிடம் போங்கள். எந்தக் கம்பெனி மலிவு என்று மட்டும் கேட்காதீர்கள். அது மாதத்துக்கு மாதம் மாறும்.

குளிர்காய்பவன்: வணக்கம் அண்ணா. ட்ரூமா கம்பெனி ஹீட்டர், அதைத் தூரத்திலிருந்து இயக்க அவர்களின் பழைய ஐநெட் பாக்ஸ் என்ற பெட்டி. வண்டிக்குப் போய்ச் சேரும் முன் உள்ளே சூடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. மாதாமாதம் பணம் கட்ட மனமில்லை. எந்த மாதிரி சிம் போடலாம்?

முதலில் அந்தப் பெட்டி எப்படிப் பேசுகிறது என்று பாருங்கள், அப்புறம் சிம். பக்கத்தில் நின்றால் உங்கள் போனோடு புளூடூத்தில் பேசும். தூரத்தில் இருந்தால் செயலி ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும், பெட்டி எஸ்எம்எஸ்ஸிலேயே பதில் தரும். இதில் இணையத்துக்கு வேலையே இல்லை. ஆகவே டேட்டாவை அள்ளித் தரும் திட்டங்களை ஒதுக்கிவிடுங்கள். மாதக் கட்டணம் இல்லாத, அனுப்புகிற எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் காசு பிடிக்கிற ப்ரீபெய்டு சிம் போதும். உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. பெட்டி அனுப்பும் பதிலுக்குத்தான் செலவு. குளிர்காலம் முழுக்க வாரம் இரண்டு முறை ஹீட்டர் போட்டால்கூட அது ஒரு செலவே இல்லை.

பணம் போகிற இடம் வேறு. ப்ரீபெய்டு சிம் பயன்படாமல் கிடந்தால் கம்பெனி நம்பரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், மிச்சமிருக்கும் பணத்தோடு. கோடை முழுக்க ஹீட்டரைத் தொடமாட்டீர்கள். முதல் குளிரில் செய்தி அனுப்புவீர்கள், பதில் வராது. அதனால் கட்டணத்தைப் பார்க்கும் முன் செல்லுபடிக் காலத்தைப் பாருங்கள். எத்தனை மாதம் சும்மா கிடக்கலாம்? உயிரோடு வைக்க ரீசார்ஜ் செய்தே ஆகவேண்டுமா, ஒரு எஸ்எம்எஸ் வெளியே போனாலே போதுமா? வெளியே போனால் போதும் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். மாதம் ஒருமுறை வண்டியின் வெப்பநிலையைக் கேளுங்கள். பெட்டி தரும் பதிலே அந்தக் கணக்கில் சேரும்.

இன்னொன்று. சிம்மைப் பெட்டியில் செருகும் முன் ஒரு பழைய போனில் போடுங்கள். சிம் பின் நம்பர் (PIN) கேட்பதை நீக்குங்கள். வாய்ஸ்மெயிலை அணையுங்கள். ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி ஒன்று வாங்கிப் பாருங்கள். சிம்மில் கிடக்கும் விளம்பரச் செய்திகளை எல்லாம் அழித்துவிடுங்கள். இந்தப் பெட்டி கேட்பது மினி சிம், அதாவது 25 மி.மீ. நீளம், 15 மி.மீ. அகலம். இப்போது கடையில் தருவது மூன்று அளவுக்கும் உடைத்துக்கொள்ளும் கார்டு, அதில் பெரிய சட்டத்தோடு எடுங்கள். நானோ சிம்மை அடாப்டரில் வைத்துச் செருகினால் குழிப் பாதையில் குலுங்கி நழுவும், வெளியே இழுக்கும்போது உள்ளே இருக்கும் ஊசிகளில் மாட்டும்.

பழைய வேன்: சிம் போட்டேன், பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது. பின் நம்பர் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். மேலே சொன்னபடி போனில் போட்டு நீக்குங்கள். மூன்று முறை தவறான பின் போயிருந்தால் பூட்டைத் திறக்கும் பியூகே எண் கேட்கும். அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் சிம் குப்பைக்குத்தான்.

சிக்கனம்: சார், சாதனங்களுக்கென்றே விற்கிற ஐஓடி சிம் பத்து வருடத்துக்கு ஒரே கட்டணம் என்கிறார்கள். எந்த நெட்வொர்க் கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளுமாம். அதை வாங்கட்டுமா?

நல்ல சிம்தான், ஆனால் உங்கள் பெட்டிக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. இந்த வகை சிம்களில் பலவற்றுக்கு உங்கள் போனிலிருந்து சாதாரண எஸ்எம்எஸ் அனுப்ப முடியாது. விற்றவர்களின் இணையப் பக்கத்தில் நுழைந்து அங்கிருந்துதான் அனுப்ப வேண்டும். ஹீட்டர் செயலிக்கு அது தெரியாது. வாங்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘சாதாரண கைப்பேசியிலிருந்து இந்த நம்பருக்கு எஸ்எம்எஸ் வருமா, இதிலிருந்து போகுமா?’ மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள். பதில் ஆம் என்றால், எல்லா நெட்வொர்க்கையும் பிடிக்கும் குணம் மலைப்பள்ளத்தில் நிற்கும் வண்டிக்கு மிகவும் உதவும். சாதாரண சிம் சொந்த நாட்டில் தன் கம்பெனிக் கோபுரத்தை மட்டுமே தேடும், பக்கத்துக் கோபுரம் முழுச் சிக்னலோடு நின்றாலும் திரும்பிப் பார்க்காது.

பனிப்பாதை: 2ஜி மூடப்போகிறார்கள் என்கிறார்களே? என் பெட்டி 2ஜி மட்டும்.

2ஜி என்ற அந்தப் பழைய மொபைல் நெட்வொர்க்கைச் சில இடங்களில் எப்போதோ மூடியாயிற்று. ஜப்பானில் 2012, ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா 2016 டிசம்பர், அமெரிக்காவின் ஏடி அண்ட் டி 2017 தொடக்கம். சுவிட்சர்லாந்தின் ஸ்விஸ்காம் 2020 முடிவுக்குப் பின் நிறுத்தியது. பிரிட்டன் கம்பெனிகள் 2ஜி, 3ஜி இரண்டையும் 2033க்குள் முடித்துக்கொள்வதாக அரசிடம் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஜெர்மனி 2021இல் 3ஜியை முதலில் மூடி 2ஜியை வைத்துக்கொண்டது, அதற்கு ஒரு காரணம் உங்களைப் போன்ற பெட்டிக்காரர்கள். அங்கேயும் 2028 என்று தேதி சொல்லிவிட்டார்கள்.

ஆகவே சிம் வாங்கும்போது உங்கள் வண்டி நிற்கும் இடத்தில் அந்தக் கம்பெனி 2ஜி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். 4ஜி மட்டும் நடத்தும் கம்பெனியின் சிம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்கள் பெட்டிக்கு அது வெறும் பிளாஸ்டிக். புதுப் பெட்டி வாங்குவதாக இருந்தால் 4ஜியிலும் எஸ்எம்எஸ் எடுக்கும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ‘4ஜி டேட்டா’ என்று மட்டும் போட்டிருந்தால் எஸ்எம்எஸ்ஸுக்கு அது உத்தரவாதம் ஆகாது.

மேகவாசி: இன்னுமா எஸ்எம்எஸ் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்? 4ஜி ரவுட்டர், ஒரு டேட்டா சிம், ஹீட்டருக்கு வைஃபை கட்டுப்பாடு. எங்கிருந்தும் திறந்து பார்க்கலாம்.

அங்கேதான் பலர் முட்டிக்கொள்கிறார்கள். மொபைல் டேட்டா சிம்முக்கு வெளியிலிருந்து தொடக்கூடிய தனி முகவரி பெரும்பாலும் கிடைக்காது, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். வீட்டிலிருந்து வண்டியைக் கூப்பிட முடியாது, வண்டிதான் உங்களைக் கூப்பிட வேண்டும். நடுவில் ஒரு சர்வர் வைத்து எம்க்யூடிடி (சாதனங்கள் சர்வர் மூலம் சிறு செய்திகள் பரிமாறும் முறை) வழியாகவோ விபிஎன் (இணையத்துக்குள் ஒரு தனி வழி) வழியாகவோ பேசினால் சரியாகிவிடும். டேட்டாவும் அதிகம் ஆகாது. நிமிடத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று சொல்ல, போக வர ஏறத்தாழ 125 பைட். ஒரு நாளில் 1440 தடவை, மாதத்துக்கு ஐந்தாறு எம்பி. மறையாக்கம் சேர்த்தாலும் பத்து எம்பிக்குள் அடங்கும். கேமரா மாட்டினால்தான் கணக்கு கெடும்.

ஆனால் மின்சாரம்? ஐந்து வாட் ரவுட்டர் ஒரு நாளைக்கு 12 வோல்ட் பேட்டரியில் பத்து ஆம்பியர்-மணி குடிக்கும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்று வைத்தால் ஐந்து நாளில் முடிந்தது, ஹீட்டருக்கு எதுவும் மிச்சமில்லை. எஸ்எம்எஸ் பெட்டி சும்மா இருக்கும்போது 20 மில்லிஆம்பியர் எடுத்தால்கூட நாளுக்கு அரை ஆம்பியர்-மணிதான். சோலார் நிறைய இருக்கிறவர்கள் ரவுட்டர் வையுங்கள், மற்றவர்கள் யோசியுங்கள்.

டீசல் வாசனை: எஸ்எம்எஸ்ஸை இவ்வளவு புகழ்கிறீர்கள், ஒன்று கேட்கிறேன். வண்டி தரைத்தளத்துக்குக் கீழே சிக்னல் இல்லாத இடத்தில் நின்றது. ‘ஆன்’ அனுப்பினேன், பதில் வரவில்லை, மறந்துவிட்டேன். மறுநாள் வண்டியை வெளியே எடுத்து நேராக டீசல் போட நிறுத்தினேன். பின்னால் ஹீட்டர் விசிறி உறுமத் தொடங்கியது!

இதைத்தான் நான் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் படியுங்கள்.

எஸ்எம்எஸ் போய்ச் சேரவில்லை என்றால் அது செத்துவிடாது. கம்பெனியின் மையத்தில் காத்திருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று செய்தியிலேயே ஒரு கெடு போகிறது. ஜிஎஸ்எம் விதிப்படி அது 5 நிமிடத்திலிருந்து 63 வாரம் வரை இருக்கலாம். நடைமுறையில் கம்பெனிகள் சில நாட்கள் வைத்திருக்கும். பழைய பொத்தான் போன்களில் இந்தக் கெடுவை நாமே மாற்றலாம், இன்றைய போன்களில் அது கண்ணில் படுவதில்லை. சிக்னல் வந்த நொடியில் நேற்றைய ‘ஆன்’ வந்து இறங்கும்.

எரிபொருள் நிரப்பும் இடத்தில் எரியும் ஹீட்டர் இருக்கவே கூடாது. மூடிய கொட்டகையில் வண்டி நிற்கும்போது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எனவே: பதில் வராத ‘ஆன்’ இன்னும் உயிரோடு இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாலேயே ‘ஆஃப்’ அனுப்பினால் போதும் என்று நம்பாதீர்கள், இரண்டும் அனுப்பிய வரிசையில்தான் சேரும் என்று உத்தரவாதம் இல்லை. வண்டியில் ஏறியதும் ஹீட்டரைக் கையால், அதன் கட்டுப்பாட்டுப் பலகையிலேயே அணையுங்கள். கொட்டகையில் விடுவதாக இருந்தால் பெட்டியின் மின்சாரத்தையே துண்டியுங்கள். பெட்டியில் அதிகபட்ச ஓட்ட நேரம் வைக்க வசதி இருந்தால் வையுங்கள்.

மேகவாசி: இதற்காகத்தான் சொன்னேன். இணைய வழியில் இந்தத் தொல்லையே கிடையாது.

கிடையாதா? எம்க்யூடிடியில் ‘ரீட்டெய்ன்’ கொடி (கடைசிச் செய்தியைச் சர்வரிலேயே வைத்திருக்கச் சொல்லும் குறி) போட்டு ‘ஆன்’ அனுப்பியிருந்தால், ரவுட்டர் மறுபடி இணைந்ததும் சர்வர் அதே பழைய ‘ஆன்’ஐ நீட்டும். எஸ்எம்எஸ் கெடுவாவது சில நாளில் தீரும், இது நீங்கள் அழிக்கும்வரை இருக்கும்.

மேகவாசி: அது எழுதியவர் தவறு. எம்க்யூடிடியின் ஐந்தாம் பதிப்பில் செய்திக்குக் காலாவதி வைக்கலாமே.

வைக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். சொந்தமாக எழுதுகிறவர் வைத்துக்கொள்வார். பெட்டியில் அடைத்து வாங்கும் கட்டுப்பாட்டில் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? வீட்டிலேயே சோதியுங்கள்: ரவுட்டரை அணைத்துவிட்டு ‘ஆன்’ அனுப்புங்கள், ஒரு மணி நேரம் கழித்து ரவுட்டரைப் போடுங்கள். ஹீட்டர் கிளம்பினால் உங்களுடையதும் டீசல் வாசனைக்காரர் கதைதான்.

டீசல் வாசனை: நான் மாலையே பெட்டிக்கு ஒரு சுவிட்ச் வைக்கிறேன்.

நல்லது. ஓட்டுநர் இருக்கை பக்கத்திலேயே வையுங்கள்.

சமவெளி: எந்தக் கம்பெனி சிம் மலிவு?

முதல் வரியைப் படிக்கவில்லை.

எல்லைதாண்டி: வேறு நாட்டுக்குள் போனதும் பெட்டி பதில் தருவதை நிறுத்திவிட்டது. சிம்மில் பணம் இருக்கிறது, ரோமிங்கும் உண்டு.

இரண்டு சந்தேகம். ஒன்று, பெட்டியில் உங்கள் நம்பரை முன்னால் பூஜ்யம் போட்டுப் பதிந்திருப்பீர்கள். வெளிநாட்டில் அது கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடுமாக வரும், பெட்டி அந்நியர் என்று நினைத்து ஒதுக்கும். எப்போதுமே கூட்டல் குறியோடு பதியுங்கள். இரண்டு, எல்லை தாண்டியதும் வந்து குவியும் வரவேற்புச் செய்திகள். சிம்மில் இருக்கும் இடம் சில பத்துச் செய்திகளுக்குத்தான். பெட்டி அவற்றை அழிக்காவிட்டால் இடம் நிரம்பி, உங்கள் கட்டளை உள்ளே வர முடியாமல் நிற்கும். சிம்மைப் போனில் போட்டு அவற்றை அழித்துவிடுங்கள்.

நீலச்சுடர்: எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் வருகிறது, ‘ஆன்’ என்கிறது, ஆனால் போய்ப் பார்த்தால் சில்லிட்டுக் கிடக்கிறது. சிம் மாற்றட்டுமா?

சிம் தன் வேலையைச் செய்துவிட்டது. சிலிண்டரில் என்ன எரிவாயு? பியூட்டேன் என்றால் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே போனாலே அது ஆவியாகாது. புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். கடைக்குப் போங்கள்.

வெந்நீர்: தண்ணீரையும் தூரத்திலிருந்தே சூடாக்கலாமா அண்ணா?

வண்டி ஏற்கெனவே குளிர்ந்திருந்தால் வேண்டாம். ட்ரூமாவின் ஃப்ராஸ்ட் கன்ட்ரோல் வால்வு ஏறத்தாழ 3 டிகிரியில் தானாகத் திறந்து பாய்லர் தண்ணீரைக் கீழே கொட்டிவிடும். 7 டிகிரிக்கு மேல் போனபிறகு கையால்தான் மூட வேண்டும். எந்த எஸ்எம்எஸ்ஸும் அதை மூடாது.

சிவப்பு விளக்கு: பின் நம்பரை எப்படி நீக்குவது?

மேலே இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

அலமாரி: சிக்னல் ஒரு கோடுதான் காட்டுகிறது. வேறு சிம்?

ஆன்டெனா எங்கே? உங்கள் பெயரைப் பார்த்தாலே தெரிகிறது. தகரத்துக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருந்து எடுத்து ஜன்னல் பக்கம் ஒட்டுங்கள். அப்புறமும் ஒரு கோடு என்றால் சிம் பற்றிப் பேசலாம்.

டீசல் குட்டி: டீசல் ஹீட்டர் கிளம்பும்போது பெட்டி மட்டும் அணைந்து மறுபடி எழுகிறது.

டீசலைப் பற்றவைக்கும் க்ளோ பிளக் சூடாகும் சில நிமிடம் 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். 2ஜி பெட்டிக்குள் இருக்கும் மோடமும் பதில் அனுப்பும் கணத்தில் இரண்டு ஆம்பியர் வரை துள்ளும். பேட்டரி வயதாகியிருந்தாலோ கம்பி மெலிதாக இருந்தாலோ வோல்ட் அந்த நேரம் பார்த்து இறங்கும். பெட்டிக்கு பேட்டரியிலிருந்தே தனிக் கம்பி, தனி ஃப்யூஸ் கொடுங்கள்.

குளிர்காய்பவன்: அண்ணா, சிம் வாங்கிப் போட்டுவிட்டேன். வண்டிக்கு வெளியே நின்று சோதித்தேன், சட்டென்று வேலை செய்கிறது. நன்றி!

நன்றி இருக்கட்டும். வெளியே நின்றீர்கள் என்றால் அது புளூடூத்தாகத்தான் இருக்கும், சிம் இன்னும் வாயே திறக்கவில்லை. போனில் புளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி அனுப்பிப் பாருங்கள்.